அஞ்சு பூஜ்யம் வந்தா தூக்கம்: பழ ஈயும் நம்ம ஊர் ஆராய்ச்சியும்

ராத்திரி ரெண்டு மணி. அந்த வாரம் எனக்கு ஆன்-கால். ஏதோ ஒரு சர்வர் படுத்துக்கிச்சு, போன் அலறுச்சு, எழுந்து சரிபண்ணிட்டு தண்ணி குடிக்க சமையலறைக்குப் போனேன். மேடை மேல ஒரு சீப்பு பூவன் பழம், கனிஞ்சு தோல் கறுத்துப் போனது. பகல்ல கையைக் கொண்டுபோனாலே கிளம்பிப் பறக்கும் குட்டி ஈக்கள் அத்தனையும் பழத்தின் மேலேயும் சுவரிலேயும் அசையாம உட்கார்ந்திருந்தன. லைட் போட்டும் பறக்கல. விரலால் மேடையைத் தட்டினேன். ஒண்ணும் நடக்கல. மூணாவது தட்டுக்குத்தான் ஒண்ணு ரெண்டு மெதுவா நகர்ந்தது.

பக்கத்து அறையில் இன்னும் விளக்கு எரிஞ்சுது. பொண்ணு பிளஸ் டூ. "படுத்துக்கோம்மா"ன்னேன். "ஒரே ஒரு சாப்டர்ப்பா"ன்னா. காலையில் காபி குடிக்கும்போது இதைச் சொன்னதும் எங்கப்பா பேத்தி பக்கம் சேர்ந்துக்கிட்டார். "படிக்கட்டும் விடுறா. நாங்கள்லாம் ராத்திரி நீராகாரத்தைக் குடிச்சிட்டு தெருவிளக்குல விடிய விடிய படிச்சவங்க. ஒண்ணும் மறந்துபோகல."

இதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்லை. ஆனா அந்த அசையாத ஈக்கள் மனசுல ஒட்டிக்கிட்டு இருந்தன. அதுங்க தூங்குதா, சும்மா உட்கார்ந்திருக்குதா? இதைத் தேட ஆரம்பிச்சு ரெண்டு மூணு மாசம் போயிடுச்சு. தேடத் தேட, கதை நம்ம மெரினா கடற்கரை, மதுரை, பம்பாய், பெங்களூர்னு சுத்தி வந்தது. அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதறேன்.

மெரினா மணலில் ஒரு கடிகாரம்

எங்க தெருவிலிருந்து லாயிட்ஸ் ரோட்டைப் பிடிச்சு கிழக்கே போனா ஐஸ் ஹவுஸ், அதைத் தாண்டினா கடல். அலை ஏறி இறங்கற ஈர மணலில் காலை வைத்தா உள்ளே புதைஞ்சு ஒளிஞ்சுக்கற சின்ன நண்டு வகை ஒண்ணு இருக்கு, பார்த்திருப்பீங்க. எமெரிட்டா ஏசியாட்டிகா என்று அதுக்குப் பெயர். 1960-களின் தொடக்கத்தில் மெட்ராஸ் யுனிவர்சிட்டியில் விலங்கியல் ஆராய்ச்சி மாணவரா இருந்த எம்.கே. சந்திரசேகரன் இதை எடுத்துவந்து ஆய்வுக்கூடத்துத் தொட்டியில் விட்டார். தொட்டியில் அலையும் இல்லை, ஓதமும் இல்லை. ஆனாலும் வெளியே கடல் ஏறி இறங்கற தாளத்திலேயே நண்டின் அசைவும் அது எடுத்துக்கற ஆக்சிஜனும் ஏறி இறங்கின. அதாவது நேரத்தை அது வெளியே பார்த்துத் தெரிஞ்சுக்கல, உள்ளேயே வைத்திருந்தது. 1965-ல் ஒரு ஜெர்மன் ஆய்விதழில் இந்தக் கட்டுரை வந்தது.

அடுத்து அவர் போனது ஜெர்மனியின் ட்யூபிங்கனுக்கு, எர்வின் ப்யூனிங்கிடம். உயிர்க் கடிகார ஆராய்ச்சியில் ப்யூனிங் ஒரு முன்னோடி. 1930-களிலேயே பழ ஈக்களைப் பல தலைமுறைகள் மாறாத சூழலில் வளர்த்து, அப்பவும் அதுங்க கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும் நேரத்தில் நாள் தாளம் மாறலைன்னு காட்டினவர். பழ ஈ பெரும்பாலும் விடியலை ஒட்டித்தான் கூட்டை உடைச்சு வெளியே வரும். காற்று ஈரமா இருக்கற நேரம், சிறகு காயாம விரியும். இந்த வெளிவரும் நேரத்தை வெளிச்சத் துணுக்குகளால் எப்படி முன்னே பின்னே தள்ளலாம் என்பதுதான் ட்யூபிங்கனில் சந்திரசேகரனின் வேலை. நண்டிலிருந்து ஈக்கு மாறினார்.

திரும்பி வந்து மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் 1970-களில் ஒரு குழுவை உருவாக்கினார். கீழக்குயில்குடி பக்கத்துக் குகை வௌவால்கள் அங்கே பாடப்பொருள். குகைக்குள்ளேயே கூண்டில் அடைத்து வைத்த வௌவால், சூரியனைப் பார்க்காமலே, கூட்டம் கிளம்பிப் போற சத்தத்தையும் திரும்பி வர சத்தத்தையும் வைத்தே தன் கடிகாரத்தைச் சரிசெய்துக்கறதை 1981-ல் மாரிமுத்து, ராஜன், சந்திரசேகரன் மூணு பேரும் எழுதினாங்க. இன்னொரு பக்கம், ஜன்னல் இல்லாத, கடிகாரம் இல்லாத, ரேடியோ இல்லாத அறையில் மனுசங்களை நாள்கணக்கில் தங்கவைத்து அவங்க தூங்கி எழற தாளத்தைக் குறிச்சாங்க. அப்படி ஒரு வசதி மதுரையில் இருந்தது என்பதே எனக்கு இந்த வயசுலதான் தெரியவந்தது.

கவனிச்சீங்கன்னா, இந்த ஆராய்ச்சி முழுக்க ஒரே கேள்விதான்: எப்போ? எப்போ வெளிவருது, எப்போ பறக்குது, எப்போ படுக்குது. படுத்தபிறகு உள்ளே என்ன நடக்குது என்பது அந்தக் காலக் கருவிகளின் கைக்கு எட்டாத கேள்வி.

ஒரே லேபில் மூணு துண்டு

அதே காலகட்டத்தில் கலிபோர்னியாவில், கால்டெக்கில், சீமோர் பென்சர் என்ற இயற்பியல்காரர் ஈக்களின் நடத்தையை மரபணு வழியா பிரிக்கத் தொடங்கியிருந்தார். முறை எளிது. ரசாயனத்தால் மரபணுவைக் கெடு, ஆயிரக்கணக்கான ஈக்களில் விசித்திரமா நடந்துக்கற ஒண்ணைத் தேடு, எது கெட்டதுன்னு கண்டுபிடி. எங்க தொழிலில் ஒரு சர்வீஸை வேணும்னே நிறுத்திவிட்டு எது உடையுதுன்னு பார்க்கறது போலத்தான்.

அந்த லேபிலிருந்து சில வருஷ இடைவெளியில் மூணு விஷயம் வெளியே வந்தது. 1971-ல் ரொனால்ட் கொனோப்காவும் பென்சரும் நாள்கடிகாரம் கெட்ட ஈக்களைக் கண்டுபிடிச்சாங்க. ஒரு வகைக்கு நாள் என்பது 19 மணி நேரம், ஒரு வகைக்கு 28, இன்னொரு வகைக்குத் தாளமே கிடையாது. 1974-ல் க்வின், ஹாரிஸ், பென்சர் மூணு பேரும் ஈக்குப் பாடம் நடத்திக் காட்டினாங்க. ஒரு வாசனையோட மின் அதிர்ச்சி, இன்னொரு வாசனையோட ஒண்ணும் இல்லை. ஈ அதிர்ச்சி வாசனையைத் தவிர்க்கக் கத்துக்கிச்சு. 1976-ல், கத்துக்கவே முடியாத ஒரு ஈயும் கிடைச்சுது. மக்கு என்ற அர்த்தத்தில் டன்ஸ் என்று பெயர் வைத்தாங்க.

மூணாவது விஷயம்தான் நம்ம பக்கம் வருது. பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தில் 1962-ல் மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கியவர் ஒபைத் சித்திக்கி. அவர் பென்சரோடு சேர்ந்து, சூடேற்றினால் செயலிழந்து விழற ஈக்களைப் பிரிச்சு எடுத்தார். அறை வெப்பநிலையில் சாதாரண ஈ, சூட்டில் மரக்கட்டை. அதில் ஒண்ணுக்கு காமடோஸ் என்று பெயர். ஆழ்ந்த மயக்கத்தில் கிடப்பது என்று அர்த்தம். சூட்டைக் குறைச்சாலும் அது மெதுவாத்தான் எழும். ஒரு நியூரான் அடுத்த நியூரானுக்குச் செய்தி சொல்ற சந்திப்புதான் சினாப்ஸ். அங்கே ரசாயனத்தைச் சின்னச் சின்னப் பொட்டலமா கொட்டி, பொட்டலத்தைத் திரும்ப எடுத்து மறுபடியும் நிரப்பணும். இந்த மாதிரி ஈக்களில் அந்தச் செய்திப் போக்குவரத்தில்தான் ஏதோ ஒரு படி கெட்டுப்போயிருக்கு. காமடோஸில் பொட்டலம் பிரியத் தேவையான ஒரு புரதம் என்று பிற்பாடு தெரிஞ்சுது. 1976-ல் வந்த சித்திக்கி-பென்சர் கட்டுரை இந்த ஈக்களின் நரம்பில் மின்முனை வைத்துப் பார்த்த கதை.

இப்போ கொஞ்சம் யோசிங்க. கடிகாரம், ஞாபகம், சினாப்ஸ். மூணும் ஒரே லேபிலிருந்து, ஆறு வருஷத்துக்குள்ள. ஆனா அந்த ஈ தூங்குதா என்ற கேள்விக்குப் பதில் வர இன்னும் 24 வருஷம் ஆச்சு.

பம்பாயில் மயக்கம்

சித்திக்கி பம்பாய் திரும்பி ஈ ஆராய்ச்சிக்கு ஒரு பள்ளிக்கூடத்தையே உருவாக்கினார். அவரோட மாணவி வெரோனிகா ரோட்ரிக்ஸ், வாசனையும் சுவையும் தெரியாத ஈக்களைத் தேடிப் பிடிச்சார். 1978-ல் ரெண்டு பேரும் சேர்ந்து எழுதின கட்டுரை, இந்திய அறிவியல் கழகத்தின் சொந்த இதழிலேயே வந்தது.

இன்னொருத்தர் கே.எஸ். கிருஷ்ணன். இயற்பியல்காரர் கே.எஸ். கிருஷ்ணன் இல்லை, இவர் வேற. சூட்டில் விழற ஈக்கள்தான் இவருக்கு வாழ்நாள் வேலை. 1990-ல் ஹோவர்ட் நாஷ் என்ற அமெரிக்கரோட சேர்ந்து, ஆபரேஷனுக்குக் கொடுக்கற ஹாலோத்தேன் மயக்கமருந்துக்கு வேற மாதிரி நடந்துக்கற ஈக்களை வடிகட்டி எடுத்தார். மயக்கம் என்றால் என்ன, எந்த மரபணு வழியா அது வேலை செய்யுது என்று கேட்ட ஆரம்பக் கட்டுரைகளில் அது ஒண்ணு.

ஜப்பானிய மொழியில் மரத்துப்போவது என்ற அர்த்தத்தில் ஷிபிரே என்று ஒரு ஈ உண்டு. 1970-களின் தொடக்கத்தில் கனடாவில் கிடைச்சது. 30 டிகிரியை நெருங்கினா அதோட சினாப்ஸில் காலிப் பொட்டலங்கள் உள்ளே திரும்ப முடியாம நின்னுபோகும். சரக்கு தீர்ந்துடும், செய்தி போகாது. சூட்டைக் குறைச்சா மறுபடியும் ஓடும். 1994-ல் மணி ராமசாமி, கிருஷ்ணன், ரெஜிஸ் கெல்லி மூணு பேரும் இந்த ஈயை வைத்து, பொட்டலங்கள் உள்ளே போய் வர சுழற்சியைச் சாயம் ஏத்தி மைக்ரோஸ்கோப்பில் கண்ணாலேயே பார்த்தாங்க.

இதை ஏன் இவ்வளவு நீட்டறேன்னா, இந்த ஷிபிரே மரபணுவைத்தான் பிற்பாடு ஒரு சுவிட்சா மாத்தினாங்க. மூளையில் நமக்கு வேண்டிய சில நியூரான்களில் மட்டும் அதைப் பொருத்து. அறையைச் சூடாக்கு, அந்த நியூரான்கள் மட்டும் வாயை மூடும். குளிரவிடு, மறுபடியும் பேசும். ஓடிக்கிட்டிருக்கற சிஸ்டத்தில் ஒரே ஒரு பகுதியை அணைச்சுப் பார்க்கற வசதி. தூக்க ஆராய்ச்சிக்கு இது எவ்வளவு பெரிய சாவி என்று கீழே வருது.

பூஜ்யம் என்பதும் தகவல்தான்

ஈயோட கடிகாரத்தை அளக்க ஒரு கருவி உண்டு. விரல் நீளத்துக்கும் குறைவான கண்ணாடிக் குழாய், ஒரு முனையில் சாப்பாடு, நடுவில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். ஈ குறுக்கே நடந்தா கணினி ஒண்ணு என்று எண்ணும். நிமிஷத்துக்கு நிமிஷம் எண்ணிக்கை ஒரு ஃபைலில் சேரும். எங்க ஆபீஸ் லாக் ஃபைலுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது.

கடிகார ஆராய்ச்சிக்காரங்க பார்த்தது ஏத்த இறக்கத்தை: எப்போ எண்ணிக்கை ஏறுது, எப்போ இறங்குது. நடுவில் வர 0, 0, 0, 0, 0 என்ற வரிகள் வெறும் இடைவெளி. ஈ அசையல, அவ்வளவுதான். நாங்களும் அப்படித்தான். சர்வர் சும்மா இருந்த நேரத்து லாக்கை யாரும் திறந்து படிக்கறதில்லை.

2000-ல் ரெண்டு குழு அந்த பூஜ்யங்களைத் திறந்து படிச்சாங்க. பென்சில்வேனியாவில் ஜோன் ஹென்ட்ரிக்ஸ், ஆலன் பேக், அவங்களோட டெல்லியில் படிச்சுப் போன அமிதா சேகல். கலிபோர்னியாவில் பால் ஷா, கியாரா சிரெல்லி, ரால்ஃப் க்ரீன்ஸ்பான், ஜூலியோ டொனோனி. சும்மா இருப்பதுக்கும் தூங்குவதுக்கும் வித்தியாசம் காட்ட என்ன வேணும்? ஒண்ணு, தட்டினா சட்டுன்னு எழக்கூடாது. பூஜ்யம் நீளமா இருந்தா பலமாத் தட்டினால்தான் ஈ எழுந்தது. ரெண்டு, ராத்திரி முழுக்க எழுப்பிக்கிட்டே இருந்தா மறுநாள் கடனை அடைக்கணும். ஈ அடுத்த நாள் கூடுதலா அசையாம கிடந்தது. மூணு, நம்மைப் பாதிக்கும் மருந்து அதையும் பாதிக்கணும். காஃபீன் கொடுத்தா ஈ விழிச்சிருந்தது. மூணும் தேறியாச்சு. பிறகு ஒரு விதி நிலைச்சுது: தொடர்ந்து அஞ்சு நிமிஷம் பூஜ்யம் என்றால் தூக்கம்.

புதுக் கருவி எதுவும் இதுக்குத் தேவைப்படலைங்கறதுதான் எனக்கு ஆச்சரியம். தட்டி எழுப்பிப் பார்க்கணும்னு தோணினதுதான் புதுசு. என் சமையலறையில் மூணாவது தட்டுக்கு நகர்ந்த ஈயும் முதல் சோதனையில் ஏறக்குறைய பாஸ்.

ஷிபிரே சுவிட்ச் 2006-ல் உள்ளே வந்தது. ஈ மூளையில் காளான் வடிவத்தில் ஒரு ஜோடிப் பகுதி உண்டு. டன்ஸ் ஈயில் கெட்ட மரபணு அதிகமா வேலை செய்யற இடம், வாசனை ஞாபகம் பதியற இடம். ரவி அல்லாடாவின் குழு சூட்டைப் போட்டு அங்கே சினாப்ஸ்களை அணைச்சா, தூக்கமே மாறிப்போச்சு. சேகலின் குழுவும் வேற வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. ஞாபகம் பதியற இடமும் தூக்கத்தைக் கட்டுப்படுத்தற இடமும் ஒண்ணாவே இருந்துச்சு.

பெங்களூரில் 600 தலைமுறை

இதற்கிடையே சந்திரசேகரன் மதுரையிலிருந்து பெங்களூர் ஜவஹர்லால் நேரு மேம்பட்ட அறிவியல் ஆய்வு மையத்துக்கு வந்து மறுபடியும் ஈயைக் கையில் எடுத்திருந்தார். 1999-ல் ஷீபா வாசு, விஜய்குமார் சர்மா, சந்திரசேகரன், அமிதாப் ஜோஷி நாலு பேரும் ஒரு கட்டுரை எழுதினாங்க. இருட்டையே பார்க்காம, தொடர் வெளிச்சத்திலேயே 600 தலைமுறை வளர்ந்த ஈக்களை எடுத்து, அதுங்க கூட்டிலிருந்து வெளிவரும் நேரத்தைப் பார்த்தாங்க. தாளம் அழியல. மனுசக் கணக்கில் 600 தலைமுறைன்னா 15,000 வருஷம். ராத்திரியே இல்லாத உலகத்தில் அத்தனை தலைமுறை வாழ்ந்தும் கடிகாரம் நிக்கல. ப்யூனிங் 1930-களில் கேட்ட கேள்விக்கு, அவரோட மெட்ராஸ் மாணவர் இருந்த குழுவே இன்னும் பெரிய அளவில் பதில் சொல்லியிருக்கு.

அதே ஷீபா வாசு 2008-ல், சர்மாவும் பங்கெடுத்த கட்டுரையில், ஈயின் கடிகார நியூரான்களிலேயே ஒரு பெரிய வகை விழிப்பைத் தூண்டுதுன்னு காட்டினார். அவற்றை அதிகமா உசுப்பிவிட்டா ஈயின் ராத்திரித் தூக்கம் கெட்டுப்போச்சு. பிறகு பெங்களூர் திரும்பி அதே மையத்தில் தன் லேபை அமைச்சார். எப்போ என்ற கேள்வியும் எந்த நியூரான் என்ற கேள்வியும், தனித்தனியா ஓடின ரெண்டு வாய்க்கால், அந்தக் கட்டுரையில் சேர்ந்ததா நான் படிக்கறேன்.

தூக்கத்தில் சினாப்ஸ் என்ன ஆகுது?

இனிமேதான் எங்க வீட்டுச் சண்டைக்குச் சம்பந்தப்பட்ட பகுதி.

ஈயோட மூளையில் சுமார் 1,40,000 நியூரான்கள், 5 கோடிக்கு மேல் சினாப்ஸ்கள். 2024-ல் முழு வரைபடமே வந்துடுச்சு. விழிச்சிருக்கும்போது பார்க்கறது, முகர்றது, சண்டை போடறது எல்லாம் சினாப்ஸ்களைப் பலப்படுத்தும். பலமான சினாப்ஸுக்கு இடமும் வேணும், சக்தியும் வேணும். ஏறிக்கிட்டே போக முடியாது. ஆகவே தூக்கத்தில் எல்லாத்தையும் கொஞ்சம் இறக்கணும், ரொம்பப் பலமானது மட்டும் தனியாத் தெரியும், சில்லறையெல்லாம் அழியும். இதுதான் டொனோனியும் சிரெல்லியும் முன்வைத்த கருதுகோள்.

2009-ல் ஜிலெஸ்ட்ரோ, டொனோனி, சிரெல்லி ஈ மூளையில் சினாப்ஸ் புரதங்களை அளந்தாங்க. விழிப்புக்குப் பிறகு கூடியிருந்தது, தூக்கத்துக்குப் பிறகு குறைஞ்சிருந்தது. 2011-ல் டேனியல் புஷி அவங்களோட சேர்ந்து நியூரானின் கிளைகளையே எண்ணினார். ஈக்களுக்கு ஒரு மால் மாதிரி, நிறைய துணையோட விசாலமான இடம் கொடுத்து 12 மணி நேரம் உலாத்த விட்டாங்க. கண்ணுக்குச் சம்பந்தப்பட்ட ஒரு நியூரானில் கிளைகளும் முள் போன்ற முனைப்புகளும் கூடின. தூங்கவிட்ட ஈயில் அது பழைய அளவுக்கு வந்தது. தூங்கவிடாத ஈயில் வரல.

ஞாபகத்துக்கு: இந்திராணி கங்குலி-ஃபிட்ஸ்ஜெரால்டும் பால் ஷாவும் 2006-ல் காட்டினது, கூட்டத்தோட பழகின ஈ தனியா இருந்த ஈயை விட அதிகம் தூங்குது. இணங்காத துணையிடம் அடிபட்டுப் பாடம் கத்துக்கிட்ட ஆண் ஈயும் அதிகம் தூங்குது. பாடத்துக்குப் பிறகு தூங்கவிடலைன்னா நாள்கணக்கில் நிக்க வேண்டிய ஞாபகம் நிக்கல. 2011-ல் ஜெஃப்ரி டான்லியாவும் ஷாவும் இதைத் திருப்பிப் போட்டாங்க. ஈ மூளையின் நடுவில் விசிறி மாதிரி ஒரு பகுதியில் சில நியூரான்களைச் சூட்டினால் முடுக்கினா ஈ தூங்கிப்போகும். சீக்கிரம் மறந்துபோற மாதிரி ஒரே மூச்சில் அவசரமாக் கொடுத்த பாடத்துக்குப் பிறகு இப்படித் தூங்கவைத்தா, அது நிலைச்ச ஞாபகமா மாறிடுச்சு. பரீட்சைக்கு முந்தின ராத்திரி படிப்பு நினைவுக்கு வருதா?

பொண்ணுகிட்ட இதை ஓடிப்போய் சொல்லணும்னுதான் முதலில் தோணுச்சு. ஆனா மேல படிச்சபோது ரெண்டு விஷயம் தடுத்தது.

ஒண்ணு, இறக்கம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. 2021-ல் டான்லியாவின் குழு காளான் பகுதிக்குள்ளேயே வகைவகையா பிரிச்சுப் பார்த்தபோது, தூக்கம் கெட்டதும் சில நியூரான்களில் சினாப்ஸ் கூடுது, சிலதில் மாறலை, சிலதில் குறையுது. தூக்கம் என்றால் எல்லா சினாப்ஸையும் ஒரேயடியா துடைக்கற துடைப்பம் என்ற படம் எளிதா இருந்தாலும் முழு உண்மை இல்லை.

ரெண்டாவது, அதே 2021-ல் நிதின் சவுகானும் சேகலும் எழுதின கட்டுரை. ஈக்கு ஒரு வாசனையோட சர்க்கரையைச் சேர்த்துப் பாடம் நடத்தினாங்க. பிறகு சிலதுக்குச் சாப்பாடு கொடுத்தாங்க, சிலதைப் பட்டினி போட்டாங்க. வயிறு நிறைஞ்ச ஈக்கு அந்த ஞாபகம் நிலைக்கத் தூக்கம் தேவைப்பட்டது. பட்டினி ஈக்குத் தேவைப்படல. தூங்காமலே ஞாபகம் வைத்திருந்தது. ரெண்டுக்கும் காளான் பகுதியில் வேற வேற நியூரான் கூட்டம்.

நீராகாரம் குடிச்சிட்டு தெருவிளக்கில் படிச்ச எங்கப்பா நினைவுக்கு வந்தார். ஈயில் பார்த்ததை அவர் தலையில் ஏத்த எனக்கு உரிமை இல்லை. அவருக்கு ஞாபகம் நின்னதுக்கு நூறு காரணம் இருக்கலாம். ஆனா பட்டினி கிடக்கற உயிர் சாப்பாடு தேடற ராத்திரியில் தூங்கிக்கிட்டிருக்க முடியாது, மறக்கவும் முடியாது, அதுக்கு வேற பாதை வேணும் என்பது நியாயமாத்தான் படுது. அவரோட அனுபவம் பொய் இல்லை. அது பேத்திக்குப் பொருந்தணும்னு அவசியமும் இல்லை. அவ ராத்திரி ஒன்பது மணிக்கு மூணு தோசை சாப்பிட்டவ.

கடைசியா

நம்ம ஊர்க்காரங்கதான் தூக்கத்தின் ரகசியத்தைக் கண்டுபிடிச்சாங்கன்னு எழுதினா தவறு. 2000-ன் அந்த ரெண்டு கட்டுரையும் அமெரிக்காவில் நடந்த வேலை. நம்ம பங்கு ஒண்ணுமே இல்லைன்னு சொன்னாலும் தவறு. மெட்ராஸ் கடற்கரை நண்டிலிருந்து பெங்களூரின் 600 தலைமுறை வரைக்கும் போன கடிகாரப் பாதையும், பம்பாயில் சூட்டில் விழுந்த ஈக்களிலிருந்து வந்த சினாப்ஸ் பாதையும் இல்லாம, தூங்கற ஈயின் மூளைக்குள்ளே கையை விட்டுப் பார்த்திருக்கறது இன்னும் கஷ்டம் ஆகியிருக்கும். சித்திக்கி 2013-ல் போயிட்டார். ரோட்ரிக்ஸ் 2010-லும், கிருஷ்ணன் 2014-லும் போயிட்டாங்க. சந்திரசேகரனும் இல்லை. இவங்க பெயரைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் நான் படிச்சதில்லை. என் பொண்ணும் படிக்கல.

போன ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் வீட்டில் சொன்னேன். பொண்ணு முழுசாக் கேட்டுட்டு, "சரிப்பா, ஈக்கு போர்டு எக்ஸாம் இல்லையே"ன்னா. சிரிச்சாலும், அன்னைக்கு ராத்திரி பதினொண்ணரைக்கு அவ அறை விளக்கு அணைஞ்சுது. மறுநாள் காலை அஞ்சரைக்கு எழுந்து உட்கார்ந்துட்டா. இதில் எத்தனை நாள் நிக்கும்னு தெரியாது.

அப்பா மட்டும் பட்டினி ஈ பற்றி ரெண்டு தடவை கேட்டார். "அது எந்த ஊர்ல பண்ணாங்கன்னு சொன்ன?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "பசி இருந்தா தூக்கம் எங்கடா வரும்"னு சொல்லிட்டு பேப்பரைப் பிரிச்சார்.

அடுத்த ஆன்-கால் வாரத்தை நான் ஒரு நாள் தள்ளித்தான் ஏத்துக்கிட்டேன். ராத்திரி அலர்ட் வந்தா மறுநாள் மதியம் ஒரு மணி நேரம் படுக்கறதுன்னு முடிவு. டீம் லீடிடம் காரணம் கேட்டா என்ன சொல்றதுன்னுதான் இன்னும் யோசிக்கறேன். ஈயைப் பற்றிச் சொன்னா நம்ப மாட்டார்.